கீமோ தொடங்கும் முன் கருமுட்டையைச் சேமிக்கலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது, சிங்கப்பூர்க் குடிமகள். மார்பகப் புற்றுநோய் உறுதியாகிவிட்டது. மூன்று வாரத்தில் கீமோ தொடங்கும். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. “முதலில் நீ பிழைத்து வா, பிள்ளையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்” என்கிறார் அம்மா. கருமுட்டையை உறைய வைக்க, அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் கைகொடுக்குமா? அதற்காகப் பதிவுத் திருமணத்தை முன்கூட்டியே செய்ய வேண்டுமா?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் இந்த ஒரு விஷயத்தைப் பிறகு பார்க்க முடியாது. சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகள் சினைப்பையில் இருக்கும் முட்டைகளை அழிக்கும். அழிந்ததை எந்த மருந்தாலும் மீட்க முடியாது.

உங்களிடம் இருக்கும் மூன்று வாரம் பெரும்பாலும் போதும். மாதவிலக்குக்காகக் காத்திருக்காமல், முட்டைகளை வளர்க்கும் ஹார்மோன் ஊசியை எந்த நாளிலும் தொடங்கலாம். 10 முதல் 14 நாளில் முட்டைகள் முதிர்ந்துவிடும். பிறகு மயக்கம் கொடுத்து, ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் எடுத்துவிடுவார்கள். ஹார்மோன் ஏறினால் கட்டி வளர்ந்துவிடுமோ என்று பலரும் அஞ்சுகிறார்கள். அதற்காகவே லெட்ரோசோல் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து, ஈஸ்ட்ரோஜனைத் தாழ்வாக வைத்திருக்கிறோம். கீமோவின்போது சினைப்பையை ஓய்வில் வைக்கும் கோசெரலின் ஊசியும் உண்டு. அது கூடுதல் காப்பு மட்டுமே. முட்டைச் சேமிப்புக்கு மாற்று ஆகாது.

(ஆண்களுக்கு இது இன்னும் எளிது. கீமோவுக்கு முன் விந்து மாதிரி கொடுத்தால் போதும். ஆனாலும் நம் வீடுகளில் கூச்சத்தால் எத்தனையோ இளைஞர்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்.)

இனி பணம். கீமோ செலவுக்கு, சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மெடிஷீல்டு லைஃப், உங்கள் சொந்த மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் இரண்டும் உதவும். முட்டைச் சேமிப்பில், எந்தக் காரணத்துக்காகச் செய்கிறீர்கள் என்பதே முக்கியம். 2023 ஜூலை முதல் 21 முதல் 37 வயதுவரையுள்ள பெண்கள் சொந்த விருப்பத்தின் பேரிலும் முட்டையை உறைய வைக்கலாம். அதற்கு மானியமும் இல்லை, மெடிசேவும் இல்லை. உங்களுடையது மருத்துவக் காரணம்; அந்த வகை அல்ல. அதனால் புற்றுநோய் மருத்துவரிடம் நோயின் பெயர், மருந்துகள், கீமோ தொடங்கும் தேதி, கருவளம் பாதிக்கப்படும் அபாயம் எல்லாம் குறித்த பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். அரசு மருத்துவமனையிலிருந்து அரசு மருத்துவமனைக்கே போகட்டும்; கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை மூன்றிலும் உதவிக் கருத்தரிப்பு நிலையம் உண்டு. அங்குள்ள நிதி ஆலோசகரிடம் மானியம், மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். வருடாந்தரச் சேமிப்புக் கட்டணத்தையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். கையைக் கடித்தால் மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள். வசதி குறைந்தவர்களுக்கான அரசு உதவி நிதியான மெடிஃபண்டுக்கு வழி காட்டுவார்.

பின்னாளில் அந்த முட்டையைக் கருவாக்கும்போது வேறு கணக்கு. அப்போது தம்பதியராக, அரசு நிலையத்தில் செலவில் 75 விழுக்காடு வரை அரசின் இணை நிதி கிடைக்கலாம். 40 வயதுக்குள் தொடங்குவது நல்லது. உங்கள் அல்லது கணவரின் மெடிசேவிலிருந்து முதல் முறை 6,000, அடுத்து 5,000, அதன்பின் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) எடுக்கலாம். ஆயுளுக்கு மொத்தம் 15,000.

கீமோவுக்குப் பிறகு ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையை நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருந்தாலும் தாய்மை கைவிட்டுப் போகாது. ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு மாத்திரை எடுத்தபின், கர்ப்பத்துக்காக இரண்டு ஆண்டுவரை நிறுத்திய பெண்களுக்குக் குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை என்று 2023இல் வெளியான பாசிட்டிவ் ஆய்வு காட்டியது.

பதிவுத் திருமணத்துக்கு அவசரம் வேண்டாம். கருவாக உறைய வைக்கத்தான் திருமணம் தேவை; முட்டைக்குத் தேவையில்லை. சேமித்த முட்டையைப் பயன்படுத்தும்போது சட்டப்படி மணமானவராக இருக்க வேண்டும், அவ்வளவே. கல்யாணம் தையிலேயே நடக்கட்டும். நாளைக் காலையே உங்கள் புற்றுநோய் மருத்துவரின் தாதிக்கு ஃபோன் செய்து, பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.