மணி செக் நாட்டுடையது என்றால் காதணி போலியா?

கேள்வி: அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் வசிக்கிறேன். பட்டம் பெறும் மகளுக்கு, அமெரிக்கப் பூர்வகுடிக் கலைஞர் ஒருவர் செய்த பாசிமணிக் காதணி பரிசளிக்க விரும்புகிறேன். ஒருவர் 180 டாலர் கேட்டார். மணிகள் செக் குடியரசிலிருந்து வந்தவை என்றும் சொன்னார். அதே தோற்றத்தில் சுற்றுலாக் கடையில் 15 டாலருக்கே கிடைக்கிறது. எது அசல்? நாம் இதை அணிவது முறையா?

பதில்: மணி எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அசலா போலியா என்று முடிவு செய்யாதீர்கள். ஐரோப்பியர் வருவதற்கு முன் வட அமெரிக்கப் பூர்வகுடியினர் சிப்பி, எலும்பு, கல் ஆகியவற்றில் மணி செய்தார்கள். முள்ளம்பன்றியின் முட்களுக்குச் சாயமேற்றித் தோலில் தைத்தார்கள். வெனிஸிலும், இன்றைய செக் குடியரசின் பகுதியான பொஹீமியாவிலும் செய்யப்பட்ட கண்ணாடி மணிகள் வணிகத்தின் வழியே வந்தபோது, ஏற்கெனவே கைவந்திருந்த அந்தக் கலைக்குள் அவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே செக் மணி என்று அவர் ஒளிக்காமல் சொன்னதை நேர்மையின் அடையாளமாகவே நான் கொள்வேன்.

இன்று இது அருங்காட்சியகப் பேழைக்குள் உறைந்துபோன பழம்பொருளும் அன்று. கயோவா இனத்தைச் சேர்ந்த டெரி கிரீவ்ஸ் கேன்வாஸ் காலணிகளின் மேல் தம் மக்களின் கதைகளை மணிகளால் தைக்கிறார். கனடாவின் அல்கான்குவின் கலைஞர் நாடியா மிர், பூர்வகுடியினரின் வாழ்வைக் கட்டுப்படுத்தும் 'இந்தியச் சட்டத்தின்' (இங்கே 'இந்திய' என்பது பூர்வகுடியினரைக் குறிக்கும்) 56 பக்கங்களையும் 200-க்கும் மேற்பட்டோரின் துணையோடு மணிகளால் மூட முனைந்தார். எழுத்துகளின் இடத்தில் வெள்ளை மணி, வெற்றிடத்தில் சிவப்பு மணி. சோக்டா-செரோகி கலைஞரான ஜெஃப்ரி கிப்சன் 2024-இல் வெனிஸ் பியனாலே என்னும் பன்னாட்டுக் கலைவிழாவில் அமெரிக்காவின் சார்பில் கண்காட்சி வைத்தபோது மணி வேலைப்பாடுகளும் அங்கே இடம்பெற்றன. மணிகள் ஒரு காலத்தில் கப்பலேறிய அதே நகரத்துக்கு அவை கலையாகத் திரும்பி வந்தது எனக்குப் பெரும் நிறைவைத் தந்தது.

இனி விலைக்கு வருவோம். காதணியைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். கையால் தைத்ததில் பின்புறம் பெரும்பாலும் மெல்லிய தோலோ துணியோ வைத்து மூடப்பட்டிருக்கும். விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு மணியையும் நூல் பிடித்திருப்பது தெரியும். பசையின் பளபளப்பு தெரிந்தால் ஐயப்படுங்கள். கண்ணாடி மணி கன்னத்தில் பட்டால் குளிரும், பிளாஸ்டிக் குளிராது. மணியின் அளவெண் கூடக் கூட மணி சிறுத்துக்கொண்டே போகும். பரவலாகப் பயன்படும் 11-ஆம் எண் மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். நெருக்கமாகத் தைத்தால் ஒரு சதுர அங்குலத்தில் 200-க்கும் மேல் அடங்கும். சீரற்ற மணிகளை ஒதுக்கி, ஒவ்வொன்றையும் ஊசியில் எடுத்துத் தைக்கும் நேரத்தை எண்ணிப் பார்த்தால் 180 டாலர் மிகையாகத் தோன்றாது. 15 டாலரில் அந்த உழைப்புக்கு இடமே இல்லை.

ஆயினும் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். தைத்தவர் யார், எந்த இனக்குழுவைச் சேர்ந்தவர் என்று கேளுங்கள். அமெரிக்காவில் 1990-இல் இயற்றப்பட்ட இந்தியக் கலை, கைவினைச் சட்டப்படி, பூர்வகுடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகக் கூறி விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே, மொத்த விலை 1,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் 2,50,000 டாலர் வரை அபராதமோ 5 ஆண்டுகள் வரை சிறையோ, அதற்குக் குறைந்தால் 25,000 டாலர் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பெயரைச் சொல்லத் தயங்கி, 'பூர்வகுடிப் பாணி' என்று மழுப்புபவரிடம் வாங்காதீர்கள். உங்கள் நகரிலுள்ள ஹெர்ட் அருங்காட்சியகம் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நடத்தும் சந்தையில் கலைஞர்களிடமே நேரில் பேசி வாங்கலாம்.

அணிவதைப் பற்றித் தயங்க வேண்டாம். எல்லோருக்கும் விற்பதற்கென்றே செய்த காதணியை மகள் தாராளமாக அணியலாம். யாராவது கேட்டால் செய்தவரின் பெயரைச் சொல்லப் பழக்குங்கள். இறகுத் தலையணி போன்ற, சடங்குக்கும் சிறப்புக்கும் உரியவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். காதணியை நீரில் நனைக்காமல், தொங்கவிடாமல், மென்துணியில் கிடத்தி வையுங்கள். நூல் அறுந்தால் உதிர்ந்த மணிகளைப் பொறுக்கி வைத்து, முடிந்தவரை செய்தவரிடமே கொடுத்துச் செப்பனிடுங்கள்.