மாட்டை விற்றதிலிருந்து அப்பா சாப்பிடுவதில்லை: வளர்ப்புப் பிராணிகள் பற்றிக் கேள்வி பதில்

வேலூர் பக்கத்துக் கிராமங்களில் இருபத்தாறு வருஷம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊசி போடப் போன வீடுகளில் மாடு, நாயோடு சேர்த்து அவற்றை வளர்ப்பவர்களின் மனசையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து: நாயோடு இருந்தால் மனசு லேசாகிறது என்கிறார்களே, நிஜமா, இல்லை நம் நினைப்பா ஐயா?

நிஜம்தான். கன்று மடியை முட்டியதும் மாட்டுக்குப் பால் இறங்குகிறது இல்லையா, அதற்குக் காரணம் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது சுரப்பதும், பாசத்தோடு சேர்ந்து வருவதும் அதுதான். நாயும் வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டால் இரண்டு பேருக்குமே அது கூடுகிறது என்று ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் சிறுநீரைச் சோதித்துக் கண்டுபிடித்து, 2015இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அப்படி நடக்கவில்லை.

ஆரணியிலிருந்து: அம்மா போன பிறகு அப்பாவுக்கு ஒரு மாடுதான் துணை. முழங்கால் வலியோடு கஷ்டப்படுகிறாரே என்று போன மாதம் பொய்கைச் சந்தையில் விற்றுவிட்டோம். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, வெறும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். தப்பு செய்துவிட்டோமா?

நல்லது நினைத்துத்தான் செய்தீர்கள் தம்பி. ஆனால் அவருடைய ஒரு நாள் எப்படிப் போனது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விடியற்காலை பால் கறக்க எழுந்தார், சாணி வாரினார், புண்ணாக்கு ஊறவைத்தார், மத்தியானம் கழனித்தண்ணி காட்டினார், சாயங்காலம் மறுபடி கறவை. நடுவில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோய் நாலு பேரிடம் பேசினார். ஒரு மாட்டை விற்றதில் இத்தனையும் சேர்ந்து போய்விட்டது, அவரைத் தேடிக் குரல் கொடுக்கவும் யாரும் இல்லை. பிராணிகள் தரும் ஆறுதல் என்று நான் கண்டது முக்கால்வாசி இதுதான்: ‘நீ எழுந்து வந்தால்தான் எனக்குத் தீனி’ என்று ஒரு உயிர் காத்திருக்க வேண்டும். புருஷனை இழந்து படுத்த படுக்கையாகக் கிடந்த ஓர் அம்மாவை அவர் வளர்த்த ஆட்டுக்குட்டியின் கத்தல் எழுப்பிவிட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

கறவை மாடு இப்போது முடியாது, சரி. இரண்டு வெள்ளாட்டுக் குட்டி, இல்லை நாலு நாட்டுக்கோழி, குனிந்து செய்யும் வேலை குறைவாக இருக்கிற மாதிரி பாருங்கள். நீங்களாக வாங்கி வந்து கட்டிவிடாதீர்கள், அவரையே கூட்டிப்போய் அவர் கையால் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன்: இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், ஆட்டுக்குட்டி அதற்கு மருந்து ஆகாது. மருத்துவரிடம் காட்டுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண் அது) இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். தள்ளிப்போடாதீர்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து: நர்ஸ் வேலை, தனியாக ஃபிளாட்டில் இருக்கிறேன். தனிமைக்காக ஹஸ்கி வாங்கலாமா?

வேண்டாம் அம்மா. சைபீரியப் பனியில் வண்டி இழுக்க வளர்த்த இனம் அது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். நம் ஊர் மே மாதத்தில் அதை ஏசி அறையிலேயே அடைத்து வைக்க வேண்டிவரும். நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள், பாசத்தில் எந்தக் குறையும் இருக்காது. ஆனால் நீங்கள் நைட் ஷிஃப்ட் போகிறபோது யார் பார்ப்பார்கள்? அதற்குப் பதில் கிடைக்கும்வரை பூனைதான் உங்களுக்குச் சரி. ஃபிளாட் சங்கம் ஆட்சேபித்தால், பிராணி வளர்ப்பதை அப்படித் தடை செய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது.

ஆம்பூரிலிருந்து: பாட்டிக்குப் பேச்சுத்துணைக்குப் பச்சைக்கிளி?

கூடாது. 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். லவ் பேர்ட்ஸ் வளர்க்கலாம்.

ராணிப்பேட்டையிலிருந்து: பையனுக்கு நாய்தான் உயிர். வெறிநோய் பயத்தில் மாமியார் நாயை விட்டுவிடச் சொல்கிறார்.

மாமியார் பயத்தில் நியாயம் இருக்கிறது. நாய்க்கு மூன்று மாத வயதில் தொடங்கி வருஷா வருஷம் தடுப்பூசி போட்டு, அட்டையை அவரிடமே காட்டுங்கள். நம் நாயோ தெரு நாயோ, கடித்தாலும் நகம் கீறினாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய், சொல்லும் தேதிகளில் ஊசியை விடாமல் போடுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வைக்கவே கூடாது, அப்படி வைத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்துப் பதறியிருக்கிறேன்.

காட்பாடியிலிருந்து: பதினொரு வருஷம் இருந்த நாய் போய்விட்டது. ‘ஒரு நாய்க்குப் போய் இப்படியா’ என்கிறார்கள். அழுகை நிற்கவில்லை.

அழுங்கள். பதினொரு வருஷம் கேட் சத்தம் கேட்டதும் ஓடி வந்த உயிர், அழாமல் எப்படி இருக்கும்? எங்கள் மணி செத்தபோது கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு வந்து, மறுநாள் காலை பழக்கதோஷத்தில் இரண்டு இட்லியை அதற்கென்று எடுத்து வைத்துவிட்டாள் என் மனைவி. இரண்டு பேரும் அந்தத் தட்டைப் பார்த்து அழுதோம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ‘ஊருக்குப் போயிருக்கிறது’ என்று பொய் சொல்லாதீர்கள், அவர்களும் சேர்ந்து அழட்டும். உடனே இன்னொரு குட்டி வாங்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அதுவரை சங்கிலியும் தட்டும் பரண் மேல் இருந்தன.