போரை ஆழப்படுத்தும் முன் நீர்மட்டத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் 4 ஏக்கர் நெல். 110 அடி போர், 5 எச்.பி. சப்மெர்சிபிள். இரண்டு கோடையாகத் தண்ணீர் பாதியாகக் குறைந்துவிட்டது. குறுவைக்கு நாற்று விடணும். போர் வண்டிக்காரர், "இது வற்றிப்போச்சு, 350 அடிக்குப் புதுசாப் போடுங்க" என்கிறார். போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். இரவு முழுக்க மோட்டார் ஓடாமல் இருக்கட்டும். விடிந்ததும் மெயினை அணைத்து, போர் மூடியைத் திறந்து, மெல்லிய நைலான் கயிற்றில் விரல் பருமன் இரும்புத் துண்டு கட்டி, கேசிங்குக்கும் (போரின் வெளிக்குழாய்) தண்ணீர் மேலே வரும் குழாய்க்கும் நடுவே மெதுவாக இறக்குங்கள். தண்ணீர் தொடும் சத்தம் கேட்ட இடத்தில் கயிற்றில் முடிச்சிட்டு, எடுத்து அளந்து எழுதுங்கள். ஒரு மணி நேரம் மோட்டார் ஓடிய பிறகு மறுபடி அளங்கள். கயிறு மோட்டார்வரை போய்விடக் கூடாது.

போர் போட்டபோது குறித்த அளவு இருந்தால் ஒப்பிடுங்கள். கோடை அளவைக் கோடையோடுதான் ஒப்பிட வேண்டும். ஐப்பசி மழைக்குப் பின் எடுத்த அளவு உதவாது. பழைய அளவே இல்லையென்றால், அதே ஆழத்தில் உள்ள பக்கத்து வயல் போரில் தண்ணீர் எப்படி என்று கேளுங்கள்.

காலை மட்டம் அன்று 30 அடி, இன்று 33. ஆனால் ஓடும்போது 45 அடியில் நின்றது இப்போது 75க்கு இறங்குகிறது என்றால், குறை உங்கள் போரில். தண்ணீரை உள்ளே விடும் ஃபில்டர் குழாயின் துளைகளைக் களியும் இரும்புக் கறையும் அடைத்திருக்கும். மோட்டாரை மேலேற்றி, கம்ப்ரசர் காற்றடித்துத் தண்ணீர் தெளியும்வரை கழுவினால் பெரும்பாலும் சரியாகும். குழாய் பழசானால் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் முழு அழுத்தம் கொடுத்தால் குழாய் உடையும்.

ஓடும்போது மட்டம் முன்பைவிடக் குறைவாக இறங்கி, தண்ணீரும் குறைவாக வந்தால், மணல் பட்டு இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) தேய்ந்திருக்கும். மோட்டாரைக் கழற்றிப் பாருங்கள்.

காலை மட்டமே வெகுவாக இறங்கியிருந்தால்தான் நிலத்தடி நீர் குறைந்ததாக அர்த்தம். அப்போதும் குழாய் சேர்த்து மோட்டாரை இறக்க இடமிருக்கிறதா பாருங்கள். ஆனால் ஃபில்டர் குழாய்க்கு நேரே மோட்டாரை நிறுத்தாதீர்கள், மணலை இழுக்கும்.

வண்டிக்காரருக்கு அடிக் கணக்கில்தான் கூலி, கூட்டிவரும் ஏஜென்டுக்கு அதில் கமிஷன். டெல்டா வண்டலில் மணலும் களியும் மாறி மாறி வரும். தண்ணீர் தராத களிக்கும் நீங்கள் அதே கூலிதான் கொடுக்கிறீர்கள். புதிய போர் தவிர்க்க முடியாமல் போனால், ஃபில்டர் குழாய்களை இறக்கும்போது நின்று எண்ணுங்கள், கூழாங்கல் நிரப்பினார்களா என்று பாருங்கள், சேறு போகக் கழுவிக் கொடுக்கும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

வேளாண்மைப் பொறியியல் துறை கருவி வைத்து நீரோட்டம் பார்த்துத் தருகிறது. மனுப் போட்டு அலைய வேண்டியிருப்பதால்தான் விவசாயி தேங்காய் வைத்து நீரோட்டம் சொல்கிறவரிடம் போகிறார். நீர்வளத் துறை கண்காணிப்புக் கிணறுகளை அளக்கிறதே, அந்த அளவை மாதா மாதம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால் எத்தனை பேர் கடனாளியாகாமல் தப்புவார்கள்? அதைச் செய்ய என்ன தடை?

வேதாரண்யம், தலைஞாயிறு, நாகப்பட்டினம் பக்கம் உள்ளவர்கள் இதையெல்லாம் அப்படியே பின்பற்ற வேண்டாம். அங்கே பல இடங்களில் மேல் மணலில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, அதன் கீழே உப்பு. மோட்டாரை இறக்கினாலும், பெரிய மோட்டார் வைத்து விடாமல் இறைத்தாலும் அடியில் உள்ள உப்பு மேலேறும். சில ஊர்களில் தலைகீழ்: மேலே உப்பு, ஆழத்தில் நல்ல தண்ணீர். அந்த ஊர்களில் மேலடுக்கில் குழாயைச் சுற்றிச் சரியாக அடைக்காவிட்டால் இரண்டும் கலந்துவிடும். ஆகவே சுற்றுவட்டாரப் போர்களின் ஆழத்தைக் கேட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். இ.சி. (தண்ணீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். முடிவு கைக்கு வருமுன் ஒரு அடிகூட இறக்க வேண்டாம்.