வேலியோரம் நொண்டி வரும் எல்க் மான்கள்: ஆடுகளுக்கு ஆபத்தா?

கேள்வி: வாஷிங்டன் மாநிலத்தில், கௌலிட்ஸ் கவுண்டியில் ஐந்து ஏக்கர் நிலம் வாங்கிக் கொஞ்சம் ஆடுகள் வளர்க்கிறோம். மழைக்காலம் தொடங்கினால் எல்க் மான்கூட்டம் எங்கள் புல்வெளிக்கு வருகிறது. இந்த முறை சில மான்கள் காலை ஊன்ற முடியாமல் நொண்டின. ஒன்றின் குளம்பு பழைய செருப்பின் நுனி போல நீண்டு மேலே வளைந்திருந்தது. ஊரில் கோமாரி பார்த்திருக்கிறேன், இது அதுதானா? ஆடுகளுக்கும் பிள்ளைகளுக்கும் நாய்க்கும் வருமா? பக்கத்து வீட்டு வேட்டைக்காரர் எல்க் இறைச்சி தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? மரக் கம்பெனிகள் தெளிக்கும் களைக்கொல்லிதான் காரணம் என்று இங்கே பலர் சொல்கிறார்களே? அந்த மான்களுக்கு நாம் எதுவும் செய்ய முடியாதா?

பதில்:

கோமாரி இல்லை. கோமாரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நொண்டும் குளம்பைக் கண்டதும் அந்தப் பயம் வருவது இயல்புதான். ஆனால் அமெரிக்காவில் 1929-க்குப் பிறகு கோமாரி கிடையாது. அது வைரஸால் வருவது. காய்ச்சல் அடிக்கும், வாயில் கொப்புளம் போடும், எச்சில் நூலாக ஒழுகும், சில நாளில் மந்தை முழுக்கப் பிடித்துவிடும். நீங்கள் பார்த்த மான்களுக்கு வாயில் ஒன்றும் இருக்காது. மேயும், அசை போடும். இந்த நோய் காலோடு நிற்கிறது, மெதுவாகத்தான் முற்றுகிறது. மானை நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் இருக்கும் இடத்தையும் அந்தக் குளம்பின் வடிவத்தையும் வைத்துப் பார்த்தால் இது ட்ரெபொனீமா என்ற பாக்டீரியாவோடு வரும் எல்க் குளம்பு நோய் என்றே தோன்றுகிறது. இந்த நோய் முதலில் பெருகிய இடமே உங்கள் கௌலிட்ஸ் ஆற்றுப் படுகைதான்.

எல்க் நம் கடமானுக்குச் சொந்தமான, அதைவிடப் பெரிய விலங்கு. வளர்ந்த கிடா 300 கிலோவைத் தாண்டும். அந்த எடை முழுவதையும் நான்கு குளம்புகள்தான் தாங்குகின்றன. 1990-களில் நொண்டும் எல்க் பற்றி வேட்டைக்காரர்களும் நிலக்காரர்களும் எப்போதாவது சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2008 வாக்கில் அந்தப் பேச்சு திடீரென்று அதிகமானது. செயிண்ட் ஹெலன்ஸ் மலை மந்தையிலும் வில்லாபா குன்றுகளிலும் கூட்டத்தில் பல மான்கள் நொண்டுவதைப் பார்த்தார்கள். செயிண்ட் ஹெலன்ஸ் மலைச்சரிவுகள் 1980 எரிமலை வெடிப்பில் எல்க் இல்லாமல் துடைக்கப்பட்டு, பிறகு தாமாகவே மீண்டும் நிரம்பியவை. அப்படி மீண்டுவந்த மந்தைக்கு இப்படி ஒன்று வந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

மாநில மீன், வனவிலங்குத் துறை 2009-இல் மாதிரிகள் எடுக்கத் தொடங்கியது. 2013-இலும் 2014-இலும் எடுத்த கால்களை வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம், அயோவாவின் ஏம்ஸ் நகரில் உள்ள தேசிய விலங்கு நோய் மையம், இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகம் என்று பல ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். லிவர்பூலுக்கு அனுப்பியதற்குக் காரணம் உண்டு. 1974-இல் இத்தாலியில் கறவை மாடுகளின் குதிகாலுக்கு மேலே சிவந்து எரியும் ஒரு புண் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 1997-இல் பிரிட்டனில் செம்மறிகளுக்கும் அதே வகைப் புண் வந்தது. இரண்டிலும் இருந்தது சுருள் வடிவ ட்ரெபொனீமா. லிவர்பூல்காரர்கள் அதை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர்கள். எல்க் குளம்பிலும் அதே கூட்டம் இருப்பது 2014-இல் தெரிந்தது. அதுவரை பண்ணை விலங்குகளின் நோயாக இருந்த இந்தப் புண் காட்டு விலங்கில் காணப்பட்டது அதுவே முதல்முறை.

இது குளம்பை எப்படிக் கெடுக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகும். இந்தப் பாக்டீரியாவுக்குக் காற்று ஆகாது. ஈரத்தில் ஊறி நைந்துபோன தோல் கிடைத்தால் அதைத் துளைத்து உள்ளே போய்விடும். குளம்புப் பிளவிலோ குதிப்பகுதியிலோ சின்னப் புண்ணாகத் தொடங்கும். வேறு பாக்டீரியாக்களும் கூட வந்து சேரும். புண் குளம்பின் கொம்புப் பகுதிக்கு அடியில் பரவும்போது, வலியில் மான் அந்தக் காலை ஊன்றாது. ஊன்றாத குளம்பு தேயாமல் நீண்டு, வளைந்து, உடையும். முற்றினால் குளம்பு உறையே கழன்று விழுந்துவிடும். குட்டி, பெட்டை, கிடா எதுவும் விதிவிலக்கு இல்லை. கழுத்தில் பட்டை கட்டிக் கண்காணித்த பெட்டை மான்களில், நோய் கண்டவை அதிகம் செத்தன, அவற்றில் சினை பிடிப்பதும் குறைந்தது.

அடுத்த கேள்வி, எப்படிப் பரவுகிறது என்பது. 2017-இல் வாஷிங்டன் சட்டமன்றம் இந்த ஆராய்ச்சிப் பொறுப்பை வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தது. தேசியப் பூங்காத் துறையில் வனவிலங்கு மருத்துவராக இருந்த மார்கரெட் வைல்ட் அதற்குத் தலைமை ஏற்றார். புல்மன் நகரில் அடைப்புக் கட்டி, நோயில்லாத எல்க் மான்களை வைத்து, நோய்கண்ட குளம்புகள் கலந்த மண்ணில் நடக்கவிட்டார்கள். அவற்றுக்கு நோய் வந்தது. சுத்தமான மண்ணில் நின்றவற்றுக்கு வரவில்லை. என் பார்வையில் இந்த நோய் பற்றி இதுவரை வந்த முடிவுகளில் மிக முக்கியமானது இதுதான். நோய் மானின் காலில் மட்டும் இல்லை, அது மிதித்த ஈரமண்ணிலும் இருக்கிறது. நான் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்: குளம்பையும் குளம்பு மிதித்த சேற்றையும் இடம் மாற்றாதீர்கள்.

இனி உங்கள் ஆடுகள். இந்த நோய் எல்க்கிடமிருந்து இயற்கையாக ஆட்டுக்குத் தாவுவது வழக்கமான ஒன்று என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அதற்காக அலட்சியமாகவும் இருக்க முடியாது. எல்க் புண்ணிலிருந்து எடுத்த திசுவைச் செம்மறிகளின் காலில் வைத்துக் கட்டிய ஆய்வில் அவற்றுக்குப் புண் வந்தது. பிரிட்டனில் கறவை ஆடுகளிலும் இந்த வகைப் புண் பதிவாகியிருக்கிறது. ஆகவே தனியாக வையுங்கள். எல்க் மேயும் வெளியை மழைக்காலத்தில் ஆடுகளுக்குத் திறந்துவிட வேண்டாம். வைக்கோல், தீவனம், உப்புக்கட்டி எதையும் வெளியே வைக்காதீர்கள். அவைதான் மான்களை ஒரே இடத்தில் கூட்டிச் சேறாக்குகின்றன. இரக்கப்பட்டு மானுக்குத் தீனி போடுவது அதைவிட மோசம். வேலி போடுவதாக இருந்தால் 8 அடிக்குக் குறைந்து பயனில்லை, எல்க் தாண்டிவிடும். அவ்வளவு செலவு முடியாதென்றால் கொட்டகையையும் அதைச் சுற்றிய சிறு முற்றத்தையுமாவது அடைத்துக்கொள்ளுங்கள். அங்கே சரளை கொட்டி நீர் தேங்காமல் செய்யுங்கள். உலர்ந்த தரை இந்தப் பாக்டீரியாவுக்கு மட்டுமல்ல, எல்லாக் குளம்புத் தொல்லைக்கும் எதிரி. வெளியில் போட்டுப்போன பூட்ஸைத் தேய்த்துக் கழுவிய பிறகே கொட்டகைக்குள் போங்கள். சேறு ஒட்டியிருக்கும்போது மேலே கிருமிநாசினி ஊற்றுவது வீண்.

ஆடு நொண்டினால் உடனே எல்க் நோய் என்று முடிவுகட்ட வேண்டாம். உங்கள் ஊர் மழைக்கு, வழக்கமான குளம்பு அழுகல்தான் பலமடங்கு சாத்தியம். குளம்பு அழுகல் பெரும்பாலும் விரலிடுக்கில் தொடங்கும், நாற்றம் குடலைப் புரட்டும். ட்ரெபொனீமா வகைப் புண் செம்மறிகளில், முடி முடிந்து குளம்பு தொடங்கும் விளிம்பில் சிவந்து கிளம்பி, அங்கிருந்து கீழே இறங்கும். அந்த விளிம்பில் பச்சைப் புண் கண்டால் அந்த ஆட்டைத் தனியே கட்டிவிட்டு, கத்தி வைக்கும் முன்னே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவும்போது ஒவ்வொரு ஆட்டுக்கும் நடுவில் கத்தரியைக் கழுவிக் கிருமிநாசினியில் முக்குங்கள். சீவிய துண்டுகளைத் தரையில் விடாமல் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள். வெளியிலிருந்து ஆடு, மாடு வாங்கினால் ஒரு மாதம் தனியே வைத்துப் பாருங்கள். பொதுவாகச் சொன்னால், வேலிக்கு வெளியே நிற்கும் எல்க்கைவிட, சந்தையில் வாங்கி வண்டியில் ஏற்றிவரும் கால்நடை வழியாகத்தான் குளம்பு நோய் பண்ணைக்குள் நுழைகிறது.

பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். மனிதருக்கு இது தொற்றியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ட்ரெபொனீமா என்று இணையத்தில் தேடினால் சிஃபிலிஸ் என்று வந்து உங்களைக் கலங்கடிக்கும். அது அதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு பாக்டீரியா, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நாய்க்கும் இது வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நாயிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: காட்டில் கிடக்கும் எலும்பையும் காலையும் வாயில் கவ்வி வீட்டுக்குக் கொண்டுவரும். கழன்று விழுந்த குளம்பு அப்படித்தான் உங்கள் ஆட்டுக்கொட்டகை வாசலுக்கு வந்து சேரும். மழைக்காலத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போங்கள்.

இறைச்சி வாங்கலாம். நோய் குளம்பில் இருக்கிறது, தசையில் இல்லை. இறைச்சி பார்க்க நன்றாக இருந்து, சுத்தமாக அறுக்கப்பட்டிருந்தால், நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். எலும்பும் தோலுமாக மெலிந்த மானின் இறைச்சியும், சீழ்க்கட்டி இருந்த மானின் இறைச்சியும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நண்பரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, குளம்பை எங்கே விட்டீர்கள் என்று. வேட்டையாடிய இடத்திலேயே குளம்பை விட்டுவர வேண்டும் என்பது 2014-இல் தென்மேற்கு வாஷிங்டனில் தொடங்கிய விதி. அது வெறும் சம்பிரதாயம் இல்லை, மேலே சொன்ன மண் ஆய்வு அதன் நியாயத்தைக் காட்டிவிட்டது. இரண்டாவது, மான் எந்தப் பக்கத்தில் கிடைத்தது என்று. மான்களின் மூளையைத் தின்னும் வேறொரு நோய், நாட்பட்ட உருக்கி நோய், 2024-இல் ஸ்போகேன் பக்கத்தில் ஒரு வெள்ளைவால் மானிடம் இந்த மாநிலத்தில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து வந்த மானென்றால் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருங்கள்.

களைக்கொல்லிக் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். மரம் வெட்டிய சரிவுகளில் மருந்து தெளிப்பதையும், அதே சரிவுகளில் எல்க் மேய்வதையும், பிறகு அவை நொண்டுவதையும் கண்ணால் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி அது. ஆனால் களைக்கொல்லி குளம்பை இப்படிக் கெடுக்கும் என்று காட்டும் நேரடிச் சான்று இல்லை. புண்ணில் ட்ரெபொனீமா இருப்பதும், மண் வழியே நோய் வந்ததும் சான்றோடு இருக்கின்றன. கிருமி ஒன்று, அதற்கு மான் எளிதில் ஆட்படுவது வேறொன்று. தென்மேற்கு வாஷிங்டன் எல்க் மான்களில் செம்பும் செலினியமும் குறைவாக இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. செம்பு குறைந்தால் குளம்பின் உறுதி குறையும் என்பது மாடு வளர்ப்பவர்களுக்குப் பழகிய செய்தி. தீவனமும் தாதுக்களும் சுற்றுச்சூழலும் சேர்ந்து மானைப் பலவீனப்படுத்துகின்றனவா என்பது ஆராயப்பட வேண்டிய கேள்விதான். மருந்தை நிறுத்தினால் நோய் நின்றுவிடும் என்று இன்றைக்கு யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

மான்களுக்கு என்ன செய்யலாம் என்ற கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. மாட்டுக்கு என்றால் மயில்துத்தக் கரைசலில் காலை நனைக்கலாம், டெட்ராசைக்ளின் தெளித்துக் கட்டுப்போடலாம், திரும்பத் திரும்பச் செய்யலாம். காட்டு மானைப் பிடித்து அப்படி வாரக்கணக்கில் வைத்தியம் பார்க்க முடியாது. பார்த்துத் திருப்பி விட்டாலும் அது அதே சேற்றைத்தான் மிதிக்கப்போகிறது. தடுப்பூசி இல்லை. நொண்டும் மான்களையெல்லாம் சுட்டுவிடலாம் என்ற வாதமும் அடிக்கடி எழுகிறது. நடக்கவே முடியாமல் வதைபடும் ஒரு மானின் துன்பத்தை முடித்து வைப்பதை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் அதனால் நோய் ஒழியாது. தொடக்கநிலைப் புண்ணோடு நொண்டாமல் நடக்கும் மான்களும் உண்டு, மண்ணும் அப்படியே இருக்கிறது. நோய் 2014-இல் ஓரிகனிலும், 2018-இல் ஐடஹோவிலும், 2020-இல் வட கலிபோர்னியாவிலும் உறுதியானது. புதிய இடத்தில் முதல் சில மான்களோடு பிடிபடும்போது நடவடிக்கைக்கு அர்த்தம் உண்டு. உங்கள் கவுண்டியில் அந்தக் கட்டம் எப்போதோ தாண்டிப்போயிற்று.

நீங்களாகச் சுடுவதோ பிடிப்பதோ சட்டப்படி குற்றம். கிட்டேயும் போகாதீர்கள், வலியில் இருக்கும் எல்க் முன்னங்காலால் அடிக்கும். தூரத்திலிருந்து நடையை வீடியோ எடுங்கள், முடிந்தால் குளம்பு தெரியும்படி. தேதியையும் இடத்தையும், கூட்டத்தில் மொத்தம் எத்தனை, நொண்டுபவை எத்தனை என்பதையும் குறித்து, மாநில மீன், வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் நொண்டும் எல்க் பற்றிச் சொல்வதற்கென உள்ள படிவத்தில் அனுப்புங்கள். நொண்டாத மான்களின் எண்ணிக்கையையும் மறக்காமல் எழுதுங்கள், நோய் கூடுகிறதா குறைகிறதா என்று கணக்கிட அதுவும் வேண்டும். நிலத்தில் செத்த மானோ கழன்ற குளம்போ கிடந்தால் தொடாமல், நகர்த்தாமல் அதையும் தெரிவியுங்கள். ஆடுகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.