நீகாட்டா சாகே ஆலைகளுக்குப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

ஜப்பானில், ஜப்பான் கடலைப் பார்த்தபடி நீண்டு கிடக்கும் நீகாட்டா மாகாணத்தில், நாகாவோகா நகரத்தில் குடியிருக்கிறேன். சாகே என்பது அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜப்பானிய மது. நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் சாகே ஆலைகள் இருப்பது இந்த மாகாணத்தில்தான், சுமார் 90. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஆலை பார்க்கக் கூட்டிப்போகும் வேலை என் தலையில்தான் விழும். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, டோக்கியோவில் ஐந்து நாள் இருப்போம். இதற்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். போய்வர முடியுமா?

தாராளமாக. டோக்கியோவிலிருந்து ஜோயெட்சு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறினால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் எச்சிகோ யுசாவா வந்துவிடும். கடைசியில் டாய்ஷிமிசு என்று 22 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று வரும். அந்தப் பக்கம் பளீரென்று வெயில் அடித்திருக்கும். இந்தப் பக்கம் வெளியே வந்தால் வீட்டுக் கூரைமேல் ஆள் உயரப் பனி. அந்த நேரத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

யுசாவா நிலையத்துக்குள்ளேயே பொன்ஷுகான் என்று ஓர் இடம் இருக்கிறது. 500 யென் கொடுத்தால் ஐந்து டோக்கனும் ஒரு சின்னக் கோப்பையும் தருவார்கள். சுவர் முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட சாகே வகைகள் இயந்திரங்களில் இருக்கும். டோக்கனைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் ஒரு வாய் அளவு வரும். தொட்டுக்கொள்ள விதவிதமான உப்பு உண்டு. பிறகு உள்ளூர் ரயிலில் ஷியோசாவா போங்கள். 1717இல் தொடங்கிய அவோகி ஆலை அங்கேதான் இருக்கிறது. காகுரெய் என்ற பெயரில் விற்கிறார்கள். பழைய பாணி வீடுகள் வரிசையாக நிற்கும் போகுஷி தெருவில் நடந்துவிட்டுத் திரும்பினால் நாள் நிறைந்துவிடும்.

ஒரே நாளில் மூன்று ஆலை என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். உள்ளூர் ரயில் மணிக்கு ஒன்று வந்தால் பெரிய விஷயம். பனி கொட்டினால் அதுவும் நிற்கும். ஷின்கான்சென் பாதையில் பனி கரைக்க நீர்த்தெளிப்பான்கள் வைத்திருக்கிறார்கள், அதனால் அது அநேகமாக ஓடிவிடும்.

குளிர்காலத்தில்தான் சாகே தயாரிப்பார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் பிப்ரவரியில் போனால் எல்லாவற்றையும் பார்க்கலாம்தானே?

நடைமுறையில் பெரும்பாலும் நேர்மாறு. அக்டோபரிலிருந்து மார்ச் வரை தயாரிப்புக் காலம். கடும் குளிர் மாதங்களில் உயர்தர வகைகள் தொட்டியில் இருக்கும். சின்ன ஆலையில் வேலை செய்பவர்கள் ஐந்தாறு பேர். அந்த நேரத்தில் வெளியாளை உள்ளே விட அவர்களுக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. கதவில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். கடை திறந்திருக்கும், அவ்வளவுதான்.

உள்ளே பார்த்தே ஆக வேண்டும் என்றால், பார்வையாளர்களுக்கென்று வழி வைத்திருக்கும் ஆலையைத் தேர்ந்தெடுத்து முன்பதிவு செய்யுங்கள். நீகாட்டா நிலையத்திலிருந்து கால் மணி நேர நடையில் இருக்கும் இமாயோ ட்சுகாசா வெளிநாட்டவருக்கு வசதியானது. 1767இல் தொடங்கிய ஆலை. 2006 முதல், வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்க்காத சாகே மட்டுமே செய்கிறார்கள். மார்ச்சில் வருகிறீர்கள் என்றால் நீகாட்டா நகரில் டோக்கி மெஸ்ஸே அரங்கில் 'சாகே நோ ஜின்' திருவிழா நடக்கும். மாகாணத்து ஆலைகள் திரண்டு வந்து கடை போடும். கூட்டம் ஆகாது என்பவர்கள் அந்த வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள், விடுதி கிடைக்காது.

பனிக்கும் சாகேவுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறதா, விளம்பரத்துக்குச் சொல்கிறார்களா மேடம்?

விளம்பரமும் உண்டு, உண்மையும் உண்டு. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடல்மீது வரும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. மலையில் மோதியதும் மொத்தத்தையும் இங்கே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக டோக்கியோ பக்கம் போகிறது. ஜோயெட்சு நகரின் தகாடாவில் 1945 பிப்ரவரியில் 377 சென்டிமீட்டர் பனி அளந்திருக்கிறார்கள். அது மலை உச்சி இல்லை, மக்கள் குடியிருக்கும் சமவெளி.

இவ்வளவு பனி விழுந்தால் மூன்று காரியம் நடக்கிறது. காற்றிலுள்ள தூசி அடங்கிவிடுகிறது. கட்டடத்தைச் சுற்றிப் பனி மூடுவதால் உள்ளே வெப்பநிலை ஏறி இறங்காமல் ஒரே சீராகக் குளிர்ந்திருக்கிறது. வசந்தத்தில் உருகி மண்ணுக்குள் இறங்கும் நீர் மென்மையாக, தாதுக்கள் குறைவாக இருக்கிறது. தாது குறைந்த நீரில், சுமார் 10 டிகிரிக் குளிரில் ஈஸ்ட் அவசரப்படாமல் வேலை செய்யும். நாக்கில் ஒட்டாமல் சட்டென்று மறையும் இந்த ஊர்ச் சுவைக்கு அதுதான் அடித்தளம். இனிப்பு குறைந்த அந்தப் பாணியைத் 'தான்ரெய் காரகுச்சி' என்பார்கள்.

மனிதர்கள் பக்கமும் ஒன்று உண்டு. நான்கைந்து மாதம் வயல் பனிக்கடியில் கிடந்தால் விவசாயி என்ன செய்வார்? ஆலை வேலைக்குப் போனார். உள்ளூர் ஆலைகள் போதாமல் மற்ற மாகாணங்களுக்கும் போனார்கள். ஆலையின் தலைமைப் பொறுப்பாளரைத் தோஜி என்பார்கள். எச்சிகோ என்பது இந்த மாகாணத்தின் பழைய பெயர். எச்சிகோ தோஜிகள் என்றால் நாடு முழுக்க இன்றும் மரியாதை. என்னைக் கேட்டால் தண்ணீரைவிட இதுதான் பெரிய காரணம்.

பனியை நேரடியாகவே பயன்படுத்துவதைப் பார்க்க மினாமி உவோனுமாவில் ஹக்காய்சான் ஆலையின் 'உவோனுமா நோ சாத்தோ' வளாகத்துக்குப் போங்கள். அங்கே ஒரு பெரிய கிடங்கில் 1,000 டன் பனியை மலைபோல் குவித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சாகே தொட்டிகள். மின்சாரத்தால் குளிரூட்டாமல் அந்தப் பனியே கோடையிலும் இடத்தைக் குளிர்பதனப் பெட்டி போல வைத்திருக்கும். ஆகஸ்டு மாதம் வியர்க்க விறுவிறுக்க வருபவர்களுக்கும் உள்ளே போனால் நடுங்கும், ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள். முயிகாமாச்சி அல்லது உராசா நிலையத்தில் இறங்கி டாக்சி பிடிப்பது சுலபம்.

உள்ளே என்னதான் காட்டுவார்கள்? வரிசையாகத் தொட்டிகள் மட்டும்தானா?

அவசரமாகப் பார்த்தால் தொட்டிகள் மட்டும்தான்.

முதலில் வாசலில் தொங்கும் உருண்டையைப் பாருங்கள். சிடார் மரத்தின் இலைக்கொத்துகளைக் கட்டி உருட்டியது. அந்த ஆண்டின் புதுச் சாகே வந்ததும் பச்சையாகத் தொங்கவிடுவார்கள். மாதங்கள் போகப்போகப் பழுப்பாகிவிடும்.

அடுத்தது அரிசி. சாகே அரிசியின் நடுவில் வெண்மையான மாவுப் பகுதி தெரியும். நீகாட்டாவின் சொந்த ரகம் கோஹ்யாகுமான்கொக்கு, 1957இல் பெயர் சூட்டியது. வெளிப்பகுதியில் புரதமும் கொழுப்பும் அதிகம், அவை சுவையைக் கெடுக்கும் என்று தீட்டித் தள்ளுகிறார்கள். பாதியைத் தீட்டி எடுப்பதற்கு இயந்திரம் இரண்டு மூன்று நாள் ஓட வேண்டும். வேகமாகத் தீட்டினால் சூடேறி அரிசி உடையும். தீட்டிய அரிசியை ஒரு தட்டில் வைத்திருப்பார்கள், பாசிமணி போல உருண்டையாக இருக்கும்.

பிறகு ஆவியில் வேகவைத்து, அதில் ஒரு பகுதியைச் சூடான மர அறைக்குக் கொண்டுபோய்க் கோஜிப் பூஞ்சையின் வித்துகளைத் தூவுவார்கள். வெளியே உறைபனி, அந்த அறைக்குள் 30 டிகிரிக்கு மேல். சுமார் இரண்டு நாள், இரவிலும் எழுந்துவந்து கிளறிவிட்டுப் போவார்கள். பார்வையாளர்களுக்கு அங்கே அநேகமாக அனுமதி இல்லை, கேட்டு வற்புறுத்தாதீர்கள்.

கடைசியில் தொட்டி. வேகவைத்த அரிசி, பூஞ்சை படர்ந்த அரிசியான கோஜி, தண்ணீர் மூன்றையும் மூன்று தவணையாக நான்கு நாளில் சேர்ப்பார்கள். கோஜி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, அதே தொட்டியில் அதே நேரத்தில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். ஒயினிலும் பீரிலும் இந்த இரட்டை வேலை ஒரே பாத்திரத்தில் நடப்பதில்லை. ஓரமாக நின்று காதைக் கொடுங்கள்: இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு பொங்கும்போது வருமே, அந்த மெல்லிய பொரிபொரிச் சத்தம் நூறு மடங்காகக் கேட்கும். தொட்டிக்குள் தலையை நீட்ட வேண்டாம். மேலே கார்பன் டை ஆக்சைடு தேங்கி நிற்கும், மயங்கி உள்ளே விழுந்தவர்கள் உண்டு.

சுவை பார்க்கத் தரும் வெள்ளைக் கோப்பையின் அடியில் இரண்டு நீல வளையங்கள் இருக்கும். வெள்ளையில் சாகேவின் நிறம் தெரியும். நீல விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் கலங்கல் இல்லை. ஆலையின் ஊற்றுநீரைக் குடிக்க வைத்திருந்தால் சாகேவுக்கு முன்னால் அதைக் குடியுங்கள். பிறகு ஒவ்வொரு கோப்பைக்கு நடுவிலும் குடியுங்கள், மறுநாள் தலை நன்றி சொல்லும்.

காலையில் விடுதியில் நத்தோ சாப்பிட்டால் உள்ளே விட மாட்டார்களாமே?

ஆமாம், வேடிக்கை இல்லை. நத்தோ என்பது புளிக்கவைத்த சோயா பீன்ஸ். அதிலுள்ள பாக்டீரியா வெந்நீருக்கும் சாகாது. கோஜி அறைக்குள் புகுந்தால் மொத்தமும் பாழ். ஆலை வேலைக்காரர்கள் பருவம் முழுக்கத் தொடுவதில்லை. சென்ட்டும் பூச வேண்டாம், பக்கத்தில் நிற்பவருக்குச் சாகேவின் மணம் தெரியாது.

நான் குடிப்பதில்லை. கணவருக்கு ஆசை. கூடப் போனால் எனக்குப் பொழுது போகுமா?

நாகாவோகா பக்கம் செட்டாயாவுக்கு வாருங்கள் தங்கை, நாகாவோகாவுக்கு அடுத்த நிலையமான மியாஉச்சியில் இறங்கி நடந்துவிடலாம். சாகே, மிசோ என்ற சோயா விழுது, சோயா சாஸ் எல்லாம் புளிக்கவைக்கும் பழைய தெரு. 1945 ஆகஸ்டு முதல் தேதி குண்டுவீச்சில் நகரம் எரிந்தபோது இந்தப் பகுதி தப்பியது. 1548இல் தொடங்கிய யோஷினோகாவா ஆலையின் காட்சிக்கூடம் இங்கே இருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு குங்குமப்பூ மது வியாபாரியின் பழைய கிடங்கு. சுவர் முழுக்க மிருகங்களும் பூக்களும் வண்ணச் சுண்ணாம்பில் புடைத்து நிற்கும். கணவரை விட்டுவிட்டு நீங்கள் அங்கே அரை மணி நேரம் நிற்கலாம்.

குடிக்க அமசாகே கேளுங்கள். கோஜியில் செய்ததில் ஆல்கஹால் இல்லை, சர்க்கரை போடாமலே தித்திக்கும். சாகே பிழிந்த சக்கையில் செய்த இன்னொரு வகையில் லேசாக உண்டு. கேட்டுவிட்டு வாங்குங்கள், குழந்தைகளுக்குக் கொடுப்பதென்றால் கட்டாயம் கேளுங்கள். சாகே சுவைப்பதற்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

கஷ்டம்தான். பார்க்கக் காய்கறியாக இருக்கும், குழம்பில் மீன் சாறு இருக்கும். ஹெகி சோபா நூடுல்ஸில் கடற்பாசிதான் சேர்க்கிறார்கள், ஆனால் தொட்டுக்கொள்ளும் சாஸ் மீன். உப்புத் தொட்டுச் சாப்பிடலாம். உமெபோஷி என்ற புளிப்பு ஊறுகாய் வைத்த அரிசி உருண்டை, மூங்கிலிலையில் கட்டிய சசாடாங்கோ கொழுக்கட்டை இரண்டும் பயமில்லை. காரம் இல்லாமல் நாக்கு செத்துவிட்டது என்பவர்களுக்கு மியோகோவின் கான்சுரி: மிளகாயைப் பனிமேல் பரப்பிவைத்து, யுசு என்ற எலுமிச்சை வகை, கோஜி, உப்பு சேர்த்து ஆண்டுக்கணக்கில் ஊறவைத்த விழுது. ஒரு சின்னப் பாட்டில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் எடுத்தால் நாலு ஆலை பார்க்கலாமே சகோதரி?

ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது. மூச்சில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே தண்டனை. குடித்தவர் ஓட்டும் காரில் தெரிந்தே ஏறியவருக்கும், குடிக்கக் கொடுத்தவருக்கும் சேர்த்துத்தான். பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர் குடிக்காமலேகூட எடுக்க வேண்டாம் என்பேன்.

காலணி?

நீர்புகாத பூட்ஸ். இங்கே சாலையின் நடுவில் குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கிறார்கள். 1961இல் நாகாவோகாவில் தொடங்கிய முறை. நீரிலுள்ள இரும்பால் சாலையே செம்பழுப்பாக இருக்கும். பனியால் நனைவதைவிட இந்தத் தண்ணீரால் நனைபவர்கள்தான் அதிகம்.

பாட்டிலில் எதைப் பார்த்து வாங்குவது? ஊருக்கு எவ்வளவு கொண்டுபோகலாம்?

ஜுன்மாய் என்று இருந்தால் ஆல்கஹால் தனியாகச் சேர்க்கவில்லை. கின்ஜோ என்றால் அரிசியைத் தீட்டி 60 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ மிச்சம் வைத்தது. டாய்கின்ஜோ என்றால் 50. அதிகம் தீட்டியதுதான் உசத்தி என்று கடைக்காரர்கள் சொல்லாமலே விலை சொல்லும். நான் அதை நம்புவதில்லை. இந்தக் குளிரில் சாதாரண ஜுன்மாயை இளஞ்சூடாக்கிக் குடித்துவிட்டு அப்புறம் முடிவுசெய்யுங்கள். 'நாமா' என்று இருப்பது சூடுபடுத்தாதது, குளிரிலேயே இருக்க வேண்டும். சென்னை வெயிலுக்குத் தாங்காது, இங்கேயே குடித்து முடியுங்கள்.

இந்தியாவுக்கு ஒருவர் 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லாமல் கொண்டுபோகலாம். 720 மில்லி பாட்டில் இரண்டு சரியாக இருக்கும். பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள், கைப்பையில் விட மாட்டார்கள்.

கோடையில்தான் விடுமுறை. அப்போது வந்தால் வீணா?

சாடோ தீவுக்குப் போங்கள். நீகாட்டா துறைமுகத்திலிருந்து கப்பலில் இரண்டரை மணி நேரம். அங்கே ஓபாத்தா ஆலைக்காரர்கள், மூடிவிட்ட தொடக்கப் பள்ளி ஒன்றை 2014இல் சாகே ஆலையாக மாற்றினார்கள். பெயரே 'பள்ளி ஆலை'. வழக்கத்துக்கு மாறாகக் கோடையில்தான் அங்கே தயாரிப்பு. ஒரு வாரம் தங்கி வேலை கற்றுக்கொள்ளவும் ஆட்களைச் சேர்க்கிறார்கள். குளிர்காலத்தில் கடல் கொந்தளித்துப் படகு ரத்தாகும், அதனால் சாடோவுக்குக் கோடையே நல்லது.

சுவை பார்த்துவிட்டு எதுவும் வாங்காமல் வந்தால் தப்பாக நினைப்பார்களா? டிப்ஸ் தர வேண்டுமா?

டிப்ஸ் வேண்டவே வேண்டாம், கொடுத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள். வாங்காவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் இலவசமாக ஐந்தாறு கோப்பை ஊற்றித் தந்திருந்தால் 180 மில்லி கப் ஒன்றாவது எடுத்துக்கொள்ளுங்கள், சில நூறு யென்தான். திரும்பும் ரயிலுக்கு ஆகும்.