அப்டேட் நின்றுபோன ஃபோனில் வங்கிக் கணக்கை வைத்திருக்கலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "நான் பயன்படுத்தும் ஆண்ட்ராய்ட் ஃபோனை வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பேட்டரி ஒரு நாள் முழுவதும் தாக்குப்பிடிக்கிறது. திரையில் கீறல்கூட இல்லை. ஆனால் பல மாதங்களாகப் பாதுகாப்பு அப்டேட் எதுவும் வரவில்லை. இந்த மாடலுக்கு இனி வராது என்று நிறுவனத்தின் இணையதளமும் சொல்கிறது. வங்கிச் செயலி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. உடனே மாற்றிவிடுங்கள் என்கிறார் அலுவலக நண்பர். அதெல்லாம் புது ஃபோன் விற்பதற்காகக் கிளப்பும் பயம் என்கிறான் என் மகன். யார் சொல்வதைக் கேட்பது?"

இன்றே ஃபோனைத் தூக்கிப் போட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் உங்கள் முதன்மை மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் இன்னும் சில மாதங்களுக்கு மேல் அதில் இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. இந்த இரண்டையும், கூடவே ஓடிபி வரும் சிம்மையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால், மீதி வேலைகளுக்கு அதே ஃபோனை இன்னும் நெடுநாள் வைத்துக்கொள்ளலாம்.

"அப்டேட் நின்றுவிட்டது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே தவிர, எது நின்றது, எது இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. செயலிகளுக்கான அப்டேட் பிளே ஸ்டோர் வழியாகத் தொடர்ந்து வரும். குரோம் உலாவியும், மற்றச் செயலிகள் தங்களுக்குள் இணையப் பக்கங்களைத் திறந்து காட்டப் பயன்படுத்தும் வெப்வியூ என்ற பகுதியும் அதே வழியில்தான் புதுப்பிக்கப்படுகின்றன. ஃபோனைத் தாக்க நினைப்பவர்களுக்கு இணையப் பக்கமே மிக எளிய வாசல் என்பதால், இது சின்ன ஆறுதல் அல்ல. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு: குரோமின் 139ஆம் பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்ட் 10 அல்லது அதற்குப் பிந்தைய இயங்குதளம் தேவை. இவை தவிர, 2019இல் வெளிவந்த ஆண்ட்ராய்ட் 10 முதல், இயங்குதளத்தின் சில உள் பகுதிகளைக்கூட ஃபோன் நிறுவனத்தின் தயவு இல்லாமல் கூகுளே நேரடியாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அமைப்புகளில் பாதுகாப்பு என்ற பகுதிக்குள் "கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்" என்று இருப்பது இதுதான். அது பல ஃபோன்களில் பதிவிறங்கிவிட்டு, மறுதொடக்கத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும். இதைப் படித்து முடித்ததும் அங்கே போய் ஒரு முறை பாருங்கள்.

நின்றுபோனது இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் பகுதி. இயங்குதளத்தின் மையமான கெர்னல், சிப்பை இயக்குவதற்காகச் சிப் நிறுவனம் எழுதித் தரும் டிரைவர் என்ற சிறு மென்பொருள்கள், அலைவரிசையோடு பேசும் மோடத்துக்கான மென்பொருள், புளூடூத் ஆகியவை பெரும்பாலும் ஃபோன் நிறுவனம் தரும் அப்டேட் வழியாக மட்டுமே சரிசெய்யப்படுபவை. அமைப்புகளில் ஆண்ட்ராய்ட் பதிப்பு என்ற இடத்தில் பாதுகாப்புப் பேட்ச் நிலை என்று ஒரு தேதி தெரியும். அது பெரும்பாலும் ஏதோ ஒரு மாதத்தின் 1ஆம் தேதியாகவோ 5ஆம் தேதியாகவோ இருக்கும். 1 என்றால் ஆண்ட்ராய்டின் பொதுவான பகுதிகளுக்கு அந்த மாதம் வந்த திருத்தங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்றும், 5 என்றால் கெர்னல், சிப் சார்ந்த திருத்தங்களும் சேர்ந்திருக்கின்றன என்றும் பொருள். உங்கள் ஃபோனின் அடித்தளம் உறைந்து நிற்பது அந்தத் தேதியில்தான்.

உறைந்து நின்றால் என்ன, நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது என்று மகன் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஃபோன் அப்படியே இருந்தாலும் வெளியுலகம் அப்படியே இருப்பதில்லை. 2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற குறை வெளியே தெரிந்தது. வீடியோக்களைக் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டை அது. எம்எம்எஸ் வழியாக ஒரு வீடியோவை அனுப்பினாலே போதும், பெறுபவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஃபோனுக்குள் நுழைய வழி இருந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, அடுத்த மாதம் முதலே, ஆண்ட்ராய்டின் பாதுகாப்புக் குறைகளையும் திருத்தங்களையும் மாதந்தோறும் அறிக்கையாக வெளியிடத் தொடங்கியது கூகுள். எந்தப் பகுதியில் குறை, எவ்வளவு கடுமையானது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதிகளைப் பொறுத்தவரை திருத்திய நிரல் வரிகளும் வெளியிடப்படும். பாதுகாப்பு ஆய்வாளர்கள் படிக்கும் அதே அறிக்கையைத் தாக்குபவர்களும் படிக்கிறார்கள். பழைய வரியையும் புதிய வரியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். அப்டேட் பெற்ற ஃபோன்களில் அது அடைபட்டிருக்கும். உங்கள் ஃபோனில் திறந்தே இருக்கும், அதுவும் விலாசத்தோடு. மாதங்கள் போகப் போக இந்தப் பட்டியல் நீளுமே தவிரக் குறையாது. அதனால்தான் முதல் இரண்டு மூன்று மாதங்களில் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை என்றும், ஓராண்டைத் தாண்டும்போது கட்டாயம் கவலைப்பட வேண்டும் என்றும் சொல்கிறேன்.

செயலிகளைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் போதும் என்ற எண்ணத்துக்கு 2023 மார்ச்சில் ஒரு தெளிவான பதில் கிடைத்தது. சாம்சங்கின் எக்ஸினோஸ் மோடங்களில் 18 குறைகள் இருப்பதாகக் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ ஆய்வுக் குழு அப்போது அறிவித்தது. அவற்றில் நான்கு மிகக் கடுமையானவை: ஃபோன் எண் மட்டும் தெரிந்தால் போதும், உரிமையாளர் எதையும் தொடாமலேயே மோடத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வழி இருந்தது. திருத்தம் வந்துசேரும்வரை வைஃபை அழைப்பையும், 4ஜி வழியாகப் பேசும் வோல்ட்டி அழைப்பையும் நிறுத்திவையுங்கள் என்று அந்தக் குழு அறிவுரை கூறியது. பிளே ஸ்டோரில் எந்தச் செயலியைப் புதுப்பித்தாலும் மோடத்தில் இருக்கும் ஓட்டை அடைபடாது.

அதே நேரத்தில், மகன் சொல்வதை முழுவதும் ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. சாதாரண மனிதர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் கெர்னல் ஓட்டையால் அல்ல. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவரிடம் ஓடிபியைப் படித்துக் காட்டுவதால் இழக்கிறார்கள். பரிசு, அபராதம், பார்சல் என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பை, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் செயலியை நிறுவி, திரையைப் படிக்கவும் இயக்கவும் விடும் அணுகல்தன்மை அனுமதியையும் அதற்குக் கொடுத்துவிடுவதால் இழக்கிறார்கள். இப்படிப்பட்ட ஏமாற்றுக்கு, நேற்று வாங்கிய ஃபோனும் பத்து ஆண்டுப் பழைய ஃபோனும் ஏறக்குறைய ஒன்றுதான். புது ஃபோன் வாங்கிவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைப்பது, அப்டேட்டே தேவையில்லை என்று நினைப்பதைவிட ஆபத்தானது.

இனி, செய்ய வேண்டியவை. பழைய ஃபோனிலிருந்து வங்கிச் செயலியை மட்டும் நீக்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அது போதாது. முதலில் வெளியேற வேண்டியது மின்னஞ்சல். உங்கள் கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு, "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் அதை மாற்றுவதற்கான இணைப்பு அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். அதைப் படிக்க முடிந்தவர், வங்கிச் செயலி இல்லாமலேயே உங்கள் கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட முடியும். இரண்டாவதாக, சிம். வங்கியின் ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறதோ, அந்தச் சிம் பழைய ஃபோனில் இருக்கும்வரை, வங்கிச் செயலியை எங்கே மாற்றினாலும் சாவியின் ஒரு பாதி அங்கேயே இருக்கிறது. ஆகவே மின்னஞ்சல், வங்கிச் செயலி, சிம் மூன்றும் ஒன்றாக இடம் மாற வேண்டும்.

புது ஃபோன் வாங்கும் வசதி உடனே இல்லையென்றால், இடைப்பட்ட காலத்தில் வங்கி வேலைகளை ஒழுங்காக அப்டேட் வரும் கணினியில் செய்துகொள்ளுங்கள். ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகையின் வரம்பை வங்கியில் சொல்லிக் குறைத்துவையுங்கள். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தகவல் வருமாறு செய்துகொள்ளுங்கள். ஃபோனில் புளூடூத்தைத் தேவைப்படும்போது மட்டும் இயக்குங்கள். எம்எம்எஸ் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள். நெடுநாள் திறக்காத செயலிகளை நீக்கிவிடுங்கள். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவவே நிறுவாதீர்கள்.

லினேஜ் ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளுங்கள் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். விவரம் தெரிந்தவர்களுக்கு அது நல்ல வழி. பழைய கருவிகளுக்கு உயிர் கொடுக்கும் அந்தத் தன்னார்வலர்களின் உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் உங்கள் தேவைக்கு அது பொருந்தாது. அதை நிறுவ, ஃபோனை இயக்கியதும் முதலில் ஓடி இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் என்ற மென்பொருளின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்த ஃபோனில் இயங்க மறுக்கும் வங்கிச் செயலிகள் நிறைய இருக்கின்றன. தவிர, மோடம் போன்ற சிப் சார்ந்த பகுதிகளுக்கான மென்பொருளைச் சிப் நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் திருத்த முடியாது என்பதால், கீழே இருக்கும் ஓட்டைகள் அப்படியே இருக்கும்.

ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்பிள் பழைய கருவிகளை எளிதில் கைவிடுவதில்லை: 2013இல் வந்த ஐஃபோன் 5எஸ்ஸுக்கு, 2023 ஜனவரியில்கூட ஐஓஎஸ் 12.5.7 என்ற பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஆனால் ஐஃபோனில் உலாவியின் இயந்திரமான வெப்கிட் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. சஃபாரியை விட்டு வேறு உலாவிக்கு மாறினாலும் உள்ளே ஓடுவது பொதுவாக அதுதான். எனவே ஐஓஎஸ் அப்டேட் நின்றால் உலாவியின் பாதுகாப்பும் அதோடு நின்றுவிடும். ஆண்ட்ராய்டில் கிடைக்கும் அந்த ஆறுதல் இங்கே இல்லை.

அடுத்த ஃபோன் வாங்கும்போது கேமராவுக்கு முன்னால் விசாரிக்க வேண்டியது, பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு, எந்த மாதம்வரை வரும் என்பதைத்தான். கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டு அப்டேட்டை அறிவித்தன. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் இத்தகைய ஆண்டுக் கணக்கு, பொதுவாக அந்த மாடல் முதன்முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் பணம் கொடுத்த நாளிலிருந்து அல்ல. வெளிவந்து இரண்டு ஆண்டுகள் ஆன மாடலைத் தள்ளுபடியில் வாங்குபவர், நான்கு ஆண்டு வாக்குறுதியில் இரண்டு ஆண்டுகளைத்தான் வாங்குகிறார். விலையை மீதியுள்ள மாதங்களால் வகுத்துப் பாருங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் ஃபோனுக்கு இரண்டு ஆண்டும், முழு விலை ஃபோனுக்கு ஆறு ஆண்டும் அப்டேட் மீதி இருந்தால், மலிவாகத் தெரிவதுதான் மாதக் கணக்கில் ஒன்றரை மடங்கு விலை. அதோடு, "நான்கு ஆண்ட்ராய்ட் பதிப்புகள்" என்ற வாக்குறுதியையும் "ஐந்து ஆண்டு பாதுகாப்பு அப்டேட்" என்ற வாக்குறுதியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கைக் காப்பது இரண்டாவதுதான். அது மாதம் ஒரு முறை வருமா, மூன்று மாதத்துக்கு ஒரு முறையா என்றும் கேளுங்கள்.

இதையெல்லாம் வாங்குபவரே தோண்டித் துருவிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது அநியாயம். உணவுப் பொட்டலத்தில் காலாவதித் தேதியை அச்சிடச் சட்டம் இருக்கும்போது, நம் பணமும் அந்தரங்கமும் குடியிருக்கும் கருவியின் பெட்டியில் அது ஏன் இருக்கக் கூடாது? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், பாதுகாப்பு அப்டேட் குறைந்தபட்சம் எதுவரை வரும் என்பதை வெளியிடும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அது எத்தனை ஆண்டுகள் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிகள் ஒரு படி மேலே போய், அப்டேட்டுக்கான ஐந்து ஆண்டுகளை, மாடல் அறிமுகமான நாளிலிருந்து எண்ணாமல், நிறுவனம் அதைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்திய நாளிலிருந்து எண்ணச் சொல்கின்றன. கணக்கு தொடங்க வேண்டிய இடம் அதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கடைசியாக வாங்குபவரும் முழு விலையைத்தானே கொடுக்கிறார்.

புது ஃபோன் வந்ததும் பழையதைப் பாட்டுக் கேட்கவோ, படிக்கவோ, வீடியோ பார்க்கவோ தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்கைத் தொடங்கிக்கொண்டால் போதும். ஆனால் அதை அழித்துப் புதிதாக்கும் முன், இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான குறியீடுகளைத் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலி அதில் இருந்தால், அதைப் புது ஃபோனுக்கு மாற்றி, ஒரு கணக்கிலாவது உள்நுழைந்து சோதித்துவிடுங்கள். அதன் பிறகு அமைப்புகளுக்குள் போய்ப் பழைய கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, அங்கிருந்தே ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் பொத்தான்களை அழுத்திப்பிடித்து ரெக்கவரி முறையில் அழித்தால், ஃபோன் மீண்டும் திறக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும்.