இலக்கணக் குழப்பங்கள்: கம்பைலர் எழுதுவோருக்கான கேள்வி பதில்

கேள்வி: என் நிரல்மொழியில் ஜெனரிக்ஸ் (வகைகளையும் பாராமீட்டராகக் கொடுக்கும் வசதி) சேர்க்கிறேன் சார். ப(க<அ, ஆ>(7)) என்ற வரியில், நிரலைப் படித்து அதன் அமைப்பைக் கண்டறியும் பார்சர் திணறுகிறது.

பதில்: திணறத்தான் செய்யும், அந்த வரிக்கு இரண்டு பொருள் இருக்கிறது. அ, ஆ என்ற வகைகளோடு ‘க’ ஃபங்ஷனை அழைத்து, அதன் விடையை ‘ப’வுக்குக் கொடுப்பது ஒன்று. க<அ என்றும் ஆ>(7) என்றும் இரண்டு ஒப்பீடுகளைக் கொடுப்பது இன்னொன்று. சி ஷார்ப் 2.0-வில் ஜெனரிக்ஸ் வந்தபோது இதே சிக்கல் எழுந்தது. மூடும் ‘>’ குறிக்கு அடுத்த டோக்கனை (குறியை அல்லது சொல்லை) பார்ப்பது என்று விதி வைத்தார்கள். ‘(’, ‘)’, ‘.’ போன்ற சில குறிகள் வந்தால் ஜெனரிக், இல்லையென்றால் ஒப்பீடு. வேலை நடக்கிறது. ஆனால் ஒப்பீடு என்று நினைத்து எழுதியவர்தான் கூடுதலாக அடைப்புக்குறி போட வேண்டும்.

ரஸ்ட், எக்ஸ்பிரஷனுக்குள் ::< > என்று எழுதச் சொல்கிறது. கண்ணுக்கு உறுத்தினாலும் சந்தேகத்துக்கு இடமில்லை.

எனக்குப் பிடித்தது கோ மொழி 1.18-ல், 2022-ல், எடுத்த முடிவு: சதுர அடைப்பு. க[அ](7) என்பதும் இரண்டு பொருள் தருமே என்பீர்கள். தரும். ஆனால் இரண்டுக்கும் பார்ஸ் ட்ரீ (பார்சர் கட்டும் அமைப்பு மரம்) ஒன்றுதான்; ‘அ’ வகையா, இன்டெக்ஸா என்பதை டைப் செக்கர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ‘<’ குறியில் ட்ரீயே மாறிவிடுகிறது, அதுதான் தொல்லை. உங்கள் மொழி இன்னும் சின்னதுதானே, இப்போதே சதுர அடைப்புக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: ‘மேட்ச்’ என்று புதுக் கீவேர்ட் (மொழி தனக்கென ஒதுக்கும் சொல்) வேண்டும். அந்தப் பெயரில் ஏற்கெனவே வேரியபிள்கள் இருக்கின்றனவே?

பதில்: முழுக் கீவேர்ட் ஆக்காதீர்கள். பைதான் 3.7-ல் ‘அசிங்க்’ முழுக் கீவேர்டானதும், அந்தப் பெயரில் பாராமீட்டர் வைத்திருந்த லைப்ரரிகள் பார்ஸ் ஆகாமல் நின்றன. 3.10-ல் ‘மேட்ச்’ வந்தபோது அதை மென் கீவேர்டாக வைத்தார்கள்: ஸ்டேட்மென்டின் தொடக்கத்தில், சரியான வடிவத்தில் வந்தால் மட்டும் கீவேர்ட், மற்ற இடங்களில் சாதாரணப் பெயர். பழைய நிரலை எழுதியவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவருக்கு வேலை வைக்காமல் இருப்பது நம் கடமை.

கேள்வி: இலக்கணத்திலிருந்து பார்சரை உருவாக்கும் பைசனில் ஒரே ஒரு ஷிஃப்ட்-ரெட்யூஸ் மோதல் (அடுத்த டோக்கனைச் சேர்ப்பதா, படித்ததை ஒரு விதியாக முடிப்பதா என்ற குழப்பம்). விட்டுவிடலாமா?

பதில்: எதனால் வருகிறது என்று தெரிந்தால் விடலாம். இரண்டு ‘இஃப்’புக்குப் பின் ஒற்றை ‘எல்ஸ்’ என்றால், பைசன் ஷிஃப்ட்டைத் தேர்ந்தெடுத்து அருகிலுள்ள ‘இஃப்’புடன் சேர்த்துவிடும், அது சரிதான். தெரியாவிட்டால் விடாதீர்கள். பைசன் 3.7 முதல், -Wcounterexamples என்று கொடுத்தால், மோதலைக் காட்டும் எடுத்துக்காட்டை அதுவே அச்சிட்டுத் தரும்.

கேள்வி: பெக் (PEG) என்ற இலக்கண முறையில் இயங்கும் பார்சருக்கு மாறினால் இந்தத் தலைவலியே இருக்காதாமே?

பதில்: எச்சரிக்கை இருக்காது, தலைவலி இருக்கும். பெக், விதிகளை எழுதிய வரிசையில் முயன்று, முதலில் பொருந்தியதை எடுத்துக்கொள்ளும். ‘எல்ஸ்’ இல்லாத ‘இஃப்’ விதியை முதலில் எழுதிவிட்டால், ‘எல்ஸ்’ உள்ள விதிக்கு வாய்ப்பே வராது. யாரும் உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள். அதனால் பழைய நிரல்களைச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு இலக்கண மாற்றத்துக்குப் பிறகும் பழைய பார்சரின் ட்ரீயையும் புதியதையும் ஒப்பிடுங்கள். ட்ரீயில் ஒரு நோட் (கணு) மாறியிருந்தாலும் ஏன் என்று பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.